கரைக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் காணும் பொங்கல் அன்றும் வைகை அணைப் பூங்காவில் கால் வைக்க இடம் கிடைப்பது சிரமம். தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். தூக்குவாளியில் புளிச்சோறும் துவையலும் கொண்டுவந்து, மரநிழலில் போர்வையை விரித்து, வயதானவர்களை அதில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடுகிறார்கள். அணைச்சுவருக்கு முன்னால் ஆற்றின் இரண்டு கரையிலும் பரந்திருக்கும் பூங்கா அது. இரு கரையையும் இணைப்பது தாழ்வான ஒரு சிறிய பாலம். உபரிநீர் திறக்கும் நாட்களில் அந்தப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். வலது கரைக்காரர்களும் இடது கரைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொள்வதோடு சரி. மற்ற நாட்களில் எல்லாரும் அந்தப் பாலத்தில் நின்று, அண்ணாந்து, சுவரைப் பார்ப்பார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்பது அங்கே நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சொல்லக்கூடிய நமக்கும் அது பெரும்பாலும் மறந்துவிட்டது.

தேனி என்ற நகரம் சந்தையாலும் சாலைகளாலும் வளர்ந்தது. மதுரைச் சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை ஆகிய மூன்றும் நேரு சிலைக்கு அருகே கூடுகின்றன; அல்லிநகரமும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் அந்தச் சாலைகளை ஒட்டி நீண்டுகொண்டே போயின. மலையிலிருந்து ஏலக்காயும் பள்ளத்தாக்கிலிருந்து வாழையும் திராட்சையும் வந்து கைமாறும் இடத்தில், ஒரு மனிதன் ஒன்றையும் வாங்காமலும் விற்காமலும் உட்கார்ந்திருக்க இடம் வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் யாரும் இருக்கவில்லை. 1997இல் மாவட்டத் தலைநகரான பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மனைப்பிரிவு வரைபடங்களில் பச்சை நிறத்தில் ‘பூங்கா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கவும் வேண்டும். ஆனால் எழுதிக்கொடுத்த பல இடங்களில் கருவேலஞ்செடிதான் முளைத்து நிற்கிறது. ஆகவே இந்த மாவட்டத்துக்குப் பொதுவாக ஒரு பூங்கா என்றால், அது ஊருக்கு வெளியே இருக்கும் அணைப் பூங்காதான். 2010 கடைசியில் மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டு, 2022 மே மாதம் அகலப்பாதையாகத் தேனிக்கு ரயில் திரும்பும் வரை, இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பலர் முதன்முதலாக ஏறிய ரயில் அந்தப் பூங்காவின் சின்ன ரயிலாகவே இருந்திருக்கும். நமக்கு அந்த இடத்தின் மீது இருக்கும் பிரியம் சாதாரணமானதல்ல. அதனாலேயே அதன் கதையை முழுவதுமாகத் தெரிந்துகொள்ளும் கடமையும் நமக்கு இருக்கிறது.

வைகை அணையை 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். ஆனால் அதன் தேவை அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தாது வருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களைச் சூறையாடிய பிறகு, மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. கர்னல் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கூடலூர்ப் பக்கம் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் சேர்ந்து, பேரணையில் தடுக்கப்பட்டு மதுரைக்கும் மேலூருக்கும் போனது. வந்த தண்ணீரைச் சேமித்து வைக்க மட்டும் இடையில் வழி இல்லை. மழைக்காலத்தில் வைகையின் சொந்த வெள்ளமும் பெரியாற்றுத் தண்ணீரும் ஒன்றாக வந்து வீணாகும். கோடையில் இரண்டும் இருக்காது. அதற்காகத்தான் ஆண்டிபட்டிக்கு அருகே, 71 அடி நீர் நிற்கும்படி வைகையின் குறுக்கே அணை எழுந்தது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களும் மதுரை மாநகரின் குடிநீரும் இன்றைக்கும் அதை நம்பியிருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காகத் திறக்கப்படுவதும் இந்த அணையின் தண்ணீர்தான். இந்த அணையைக் கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடித்து வளர்ந்த தண்ணீர் அது.

அந்தத் தண்ணீருக்கு இடம் தேவைப்பட்டது. இடம் என்று பொறியியல் வரைபடம் குறிப்பது ஊர்களை. மெட்டூர் என்ற ஊரும் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாத ஊர்களும் 1950களின் பிற்பகுதியில் காலிசெய்யப்பட்டன. கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர் மெட்டூர். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, 1957இல், குடும்பம் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடப்பெயர்வை அவர் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்ற நாவலாக எழுத, அதற்கு 2003இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மூழ்கிய ஊர்களைப் பற்றி இன்றைக்குத் தமிழ்நாட்டில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அந்த ஒரு நாவலால்தான். மற்ற ஊர்களில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று பிறக்காமல் போயிருந்தால் அந்த ஊர்களின் துக்கம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஓர் ஊர் நினைவில் நிற்பதும் நிற்காமல் போவதும் அந்த ஊரில் ஒரு கவிஞன் பிறப்பதைப் பொறுத்திருக்கக் கூடாது.

அன்றைக்கு இருந்த சட்டம் 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். நிலத்துக்கு விலை நிர்ணயிக்க அதற்குத் தெரியும். அந்த நிலத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் கடமையை அது அரசின் மீது வைக்கவில்லை. அந்தக் கடமையைச் சட்டமாக எழுத நமக்கு 2013 வரை ஆயிற்று. பட்டா வைத்திருந்தவருக்கு ஏதோ ஒரு தொகை வரும். பிறர் நிலத்தில் களையெடுத்தவருக்கும், ஊருக்கெல்லாம் சவரம் செய்து களத்தில் நெல் வாங்கியவருக்கும், ஊர்க் கண்மாயின் மண்ணை எடுத்துச் சட்டி வனைந்தவருக்கும் கொடுக்கத் தாளில் என்ன கணக்கு இருக்க முடியும்? அவர்கள் இழந்தது ஒரு தொழிலின் வாடிக்கையை, கடன் சொன்னால் நம்புகிற கடையை, பெண் கொடுத்து எடுத்த உறவின் தூரத்தை. சுடுகாட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. குலசாமியை மட்டும் நம் பக்கத்து மக்கள் ஒரு வழியாகக் கொண்டுபோவார்கள். பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் புதிய ஊரில் வைத்து அதன்மேல் பீடம் எழுப்புவார்கள். பிடிமண் எடுத்த இடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வருவதும் வழக்கத்தின் ஒரு பகுதி. எடுத்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டவர்கள் எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்களோ.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் ஓடியது கிழக்கே. இடம் கொடுத்த ஆண்டிபட்டி வட்டாரம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. மானாவாரி நிலமும் நெசவுத் தறியும் ஆடும்தான் அந்தப் பக்கத்தின் வாழ்க்கை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வைகையிலிருந்து தண்ணீர் கொண்டுபோக 58 கிராமக் கால்வாய் என்ற திட்டம் 1990களில் தொடங்கியது. முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அணையில் 67 அடிக்கு மேல் தண்ணீர் நின்றால்தான் அதில் பாயும் என்பது அதன் அமைப்பு. கீழ்ப் பகுதியின் பழைய உரிமைகளைக் காக்க அப்படி ஒரு வரம்பு தேவை என்பது புரிகிறது. ஆனாலும் 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை என்று சங்கு ஊதும் ஓர் அணையில், வெள்ளம் வரும் என்று ஒரு பகுதி பயப்படத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு பகுதி தண்ணீர் வரும் என்று நம்பத் தொடங்கலாம் என்ற நிலை, நாம் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

அணைக்கு முன்னால் ஏன் ஒரு பூங்கா? தென்னிந்தியாவில் இந்த வழக்கத்துக்கு முன்மாதிரி மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜசாகர் அணையின் காலடியில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த காலத்தில் உருவான பிருந்தாவனம். அதன் பிறகு நம் அணைகளுக்குப் பூங்கா ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர், ஆழியாறு, வைகை என்று எங்கே போனாலும் சுவருக்கு முன்னால் புல்வெளியும் நீரூற்றும் சுதைச் சிற்பங்களும் இருக்கும். நடைமுறைக் காரணங்கள் உண்டு: கையகப்படுத்திய நிலம் மீதம் இருக்கும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், வேலை செய்யக் குடியிருப்பும் ஆட்களும் இருப்பார்கள். அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடு தான் சாதித்ததை மக்களுக்குக் காட்ட ஆசைப்பட்டது. பக்ராவில் நின்று நேரு இத்தகைய கட்டுமானங்களைக் கோயில்களுக்கு ஒப்பிட்டார். கோயில் என்றால் நந்தவனம் வேண்டும். அந்தப் பெருமிதத்தில் பொய் இல்லை. பஞ்சத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அணையில் நிறைந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பியது உண்மையான நன்றி. அதே நேரு, 1948இல் ஹிராகுட்டில் இடம்பெயர வேண்டியிருந்த மக்களிடம், துன்பப்பட நேர்ந்தால் நாட்டின் நலனுக்காகப் படுங்கள் என்ற பொருளில் பேசினார். அப்படிக் கேட்டது கடுமையானது என்றாலும், அவர்கள் துன்பப்படப்போகிறார்கள் என்பதையாவது அவர் மேடையில் ஒப்புக்கொண்டார். நாட்டுக்காகப் பட்ட துன்பம் என்றால் அதை நாடு நினைவில் வைத்திருக்க வேண்டும். பூங்காக்கள் சுவருக்கு இந்தப் பக்கத்தை மட்டும் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சில இடங்களில் அந்தப் பக்கம் தானாகவே வெளியே வந்து நிற்கிறது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய சிவன் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தெரியத் தொடங்கும். பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள், செய்தித்தாளில் படம் வரும். பவானிசாகரில் டணாய்க்கன் கோட்டைக் கோயில் அப்படித்தான் வறட்சியில் தலைகாட்டும். கல்லால் கட்டப்பட்டவை நின்றன. கள்ளிக்காட்டில் இருந்தவை மண்சுவரும் கூரையும். தண்ணீர் தொட்ட முதல் பருவத்திலேயே அவை கரைந்திருக்கும். அதன்மேல் அறுபது ஆண்டுக்கு மேலாக வருசநாட்டு மலைகளிலிருந்தும் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்திருக்கிறது. வைகை அணையின் கொள்ளளவு குறைந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்ற பேச்சு ஆட்சிக்கு ஆட்சி வருகிறது; மதிப்பீடுகள் தயாராகின்றன. என்றாவது ஒருநாள் அந்த வண்டலை அள்ளி எடுத்தாலும், அடியில் தெருவோ திண்ணையோ இருக்கப்போவதில்லை. நம் ஏழைகளின் ஊர்கள் தடயம் விடும் அளவுக்குக் கெட்டியாகக் கட்டப்படவில்லை என்பதே அவற்றின் கதையைச் சொல்லாமல் விட நமக்கு வசதியாகிவிட்டது.

2017 ஏப்ரலில், கடும் வறட்சியில் அணை வற்றிக்கொண்டிருந்தபோது, ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளைத் தண்ணீரில் பரப்பும் முயற்சி நடந்தது. காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியது. தமிழ் பேசும் உலகமே சிரித்தது. இன்று வைகை அணை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிரிப்புதான். எனக்கு அது துயரமாக இருக்கிறது. அந்த வாரத்தில் தண்ணீர் பின்வாங்கி, வெடித்த சேறாகக் கிடந்த பரப்பு முழுவதும் ஒரு காலத்தில் பல ஊர்களின் வயலும் வாசலும். அத்தனை கேமராக்களும் வந்து நின்ற இடத்தில், அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கலாம்.

நாம் நன்றி மறந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. கம்பம் பள்ளத்தாக்கைப் போல ஒரு பொறியாளரை நினைவில் வைத்திருக்கும் நிலப்பகுதி இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். டீக்கடைகளிலும் வீடுகளிலும் பென்னிகுவிக் படம் சாமி படங்களோடு தொங்குகிறது. பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அணை கட்டிய காலத்தின் முகாமே பெயராக நிலைத்துவிட்ட லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று, அவர் பிறந்த நாளில், அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். 2022இல் தமிழ்நாடு அரசு இங்கிலாந்தின் கேம்பர்லி நகரத்துப் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தது. இவ்வளவும் நியாயம், இன்னும் செய்தாலும் தகும். நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் அந்நியரை, கடல் கடந்து போய் அவர் ஊர்ப் பூங்காவில் நிறுத்தி வணங்கத் தெரிந்த நமக்கு, நம் ஊர்ப் பூங்காவின் சுவருக்குப் பின்னால் இருந்தவர்களை நினைக்க மட்டும் ஏன் தோன்றவில்லை?

விடை ஓரளவு தெரிந்ததுதான். கட்டியவருக்குப் பெயர் ஒன்று; படம் மாட்டலாம், மாலை போடலாம். கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பல சாதிகளாக இருந்தார்கள், திசைக்கொரு குடும்பமாகச் சிதறிப் போனார்கள். அவர்கள் கொடுத்தார்கள் என்றுகூட நாம் நினைப்பதில்லை; அரசு எடுத்துக்கொண்டது, பணம் கொடுத்தது, கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். வாங்கியவர் கணக்கு முடிந்தது என்று சொல்வது எளிது. அவர்களை நினைப்பதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. பென்னிகுவிக்கை வணங்கும்போது நமக்குப் பெருமை மட்டும் வருகிறது. அவர்களை நினைத்தால், நம் சோற்றில் இன்னொருவர் இழந்ததும் கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டிவரும். தண்ணீருக்காக அண்டை மாநிலத்தோடு பேசும்போதெல்லாம் உரிமை, நீதி என்ற சொற்களை நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்தச் சொற்களுக்கு வீட்டுக்குள்ளேயும் ஒரு வேலை இருக்கிறது.

பூங்காவின் நிலை பற்றி இப்போது அடிக்கடி வருத்தப்படுகிறோம். நீரூற்று வேலை செய்யவில்லை, சிற்பத்தின் கை உடைந்துவிட்டது, ஊஞ்சல் சங்கிலி அறுந்துவிட்டது, அணையைக் காத்த ஊழியர்கள் வாழ்ந்த அரசுக் குடியிருப்புகள் சிதிலமாகிக் கிடக்கின்றன என்றெல்லாம் செய்தி வருகிறது. 1970களிலும் எண்பதுகளிலும் சினிமாப் பாட்டுக்கு ஆடிய இடம் இப்படி ஆகிவிட்டதே என்ற ஏக்கம் பெரியவர்களுக்கு இருக்கிறது. சீரமைக்க நிதி ஒதுக்கும் அறிவிப்புகளும் வருகின்றன. செய்யட்டும், பிள்ளைகளுக்கு நல்ல ஊஞ்சல் வேண்டும். நான் நடந்திருக்கும் பாதைகளில் மூழ்கிய ஊர்களின் பெயர் எழுதிய பலகை ஒன்றையும் பார்த்ததில்லை. சீரமைப்பின் செலவில் ஒரு சிறு பகுதி போதும்: இரு கரைகளும் சேரும் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் நின்று சுவரைப் பார்க்கும் இடத்தில், ஒரு நீண்ட கல். அதில் ஊர்ப்பெயர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எந்தச் சாமி, அங்கிருந்து புறப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற விவரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையும் புளிச்சோற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைக்கு விரல் வைத்துக் காட்ட ஓர் எழுத்தாவது அங்கே இருக்க வேண்டும்.

இதற்கு ஆவணம் இல்லை என்று சொல்ல முடியாது. நிலத்தை எடுத்தவர்கள் சர்வே எண் இல்லாமல் எடுக்கவில்லை. ஊர் வாரியாக அளந்து, கிணற்றையும் மரத்தையும் எண்ணி, விலை போட்டுத்தான் எடுத்திருப்பார்கள். வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளும் புல வரைபடங்களும் தேடினால் கிடைக்கும். காகிதத்தில் கிடைக்காததுதான் அவசரம். 1957இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. எந்தத் தெரு எங்கே திரும்பியது, நல்ல தண்ணீர்க் கிணறு யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, கடைசி நாளில் யார் யார் வண்டியில் என்ன ஏற்றினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. வடுகபட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியின் வரலாற்று மாணவர்கள், ஆளுக்கு ஒரு குறிப்பேட்டோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு கோடை விடுமுறைக்குள் அந்த வேலையை முடித்துவிடலாம்.